மீனுக்குப் போன குடிதண்ணீர்

லாரி ஓட்டும் என் கணவர் நாகப்பட்டினம் போனபோது, பீங்கான் ஜாடிகளில் கடல் தண்ணீரும் வரி வரியான கீச்சான் மீன் குஞ்சுகள் சிலவும் கொண்டுவந்தார். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவற்றை விட்டுவிட்டு, அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார். பாடெல்லாம் எனக்கு. தண்ணீரில் காற்றுச் சேர வேண்டுமாம். போகும்போதும் வரும்போதும் தொட்டித் தண்ணீரையே சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

சித்திரை வெயிலில் தொட்டி வற்றிக்கொண்டே வந்தது. எங்கள் கிணறு உப்பு. குடிதண்ணீரை ஊர்க்கோடியிலிருந்து சுமக்க வேண்டும். கடல் மீனுக்கு அது எதற்கு என்று, கிணற்றுத் தண்ணீரில் கல்லுப்பும் கரைத்து ஊற்றி வந்தேன். இரண்டு குஞ்சுகள் செத்தன. மற்றவை வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நின்றன.

அலுப்போடு தொட்டியைத் துடைத்தபோது, கண்ணாடியில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தேன். வற்றிய குழம்பு கரிப்பது நினைவுக்கு வந்தது. தண்ணீர்தான் வற்றுகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது! உடனே குடிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மறுநாள் மீன்கள் கீழே இறங்கி நீந்தின.

இப்போது கண்ணாடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால், நான் சுமந்து வரும் குடம் முதலில் தொட்டிக்குத்தான்.

போன வாரம் வந்த கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏம்புள்ள, சோறு இப்படிக் கரிக்குது?" என்றார்.

"நல்ல தண்ணி உங்க மீனுக்குப் போயிருச்சுங்க. நமக்குக் கிணத்துத் தண்ணிதான்" என்றேன்.