மியூவான் பெட்டியோடு ஊரப்பாக்கம் வரை

காலை பத்தரை மணி, சிட்லபாக்கம். செருப்பை மாட்டும்போதே என் கணவர் பாலு ஆரம்பித்துவிட்டார்.

"சானடோரியத்துல ட்ரெயின் ஏறிட்டா அரை மணி நேரத்துல ஊரப்பாக்கம். எதுக்கு சுமதி இந்த ட்ராஃபிக்ல போய் சாகற?"

யோசனை நல்லதுதான். ஆனால் பொங்கல் கூட்டத்தில், கறுப்பு டேப் சுற்றி, நாலு ஒயரும் ஒரு சிவப்பு விளக்கும் மினுக்குகிற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால், என்னை ஊரப்பாக்கத்துக்கு விடுவார்களா, வேறு எங்காவது அழைத்துப் போவார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆகவே சாலை வழி.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வானத்தின் உச்சியில் பிறந்து, நம் தலை, கூரை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு சதா இறங்கிக்கொண்டிருக்கும் மியூவான் என்ற துகளை எண்ணுகிற கருவி அது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பலகைகள். துகள் பாய்ந்தால் இரண்டும் ஒரே நொடியில் மின்னும், கணக்கில் ஒன்று கூடும். மேலே கனத்த கான்கிரீட் இருந்தால் சில துகள்கள் அதிலேயே நின்றுபோகும், எண்ணிக்கை குறையும். நான் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தியபடியே பகுதி நேரமாகச் செய்யும் முனைவர் பட்ட ஆய்வு இதுதான்.

எண்ணுவது பெட்டி, தீர்ப்புச் சொல்வது ஒரு நிரல். அளவுகளைத் தானாகவே அலசி, "ஏற்கலாம்" அல்லது "ஏற்க இயலாது" என்று என் கைபேசிக்கு அனுப்பும். நான் அதற்கு ஆடிட்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக ஆடிட்டர் என்னிடம் ஒரு தடவைகூட முகம் மலர்ந்ததில்லை. நாலு மாடிக்குக் கீழே எங்கள் தரைத்தள வீட்டில் வைத்தாலும் சரி, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மொட்டைமாடியில் வைத்தாலும் சரி, எண்ணிக்கை ஒன்றுபோலவே வரும். கூடவே, "சீரான இடைவெளியில் துடிப்பு தென்படுகிறது, ஏற்க இயலாது" என்று ஒரு வரி. ஒருமுறை "தொலைதூர விண்பொருள் காரணமா என ஆராயவும்" என்றும் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை.

ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் என் வழிகாட்டிப் பேராசிரியர் கமலநாதன் கெடு விதித்துவிட்டார். திறந்த வானத்துக்கும் கூரைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆடிட்டர் ஏற்கும்படி இன்று மாலை நாலு மணிக்குள் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்டி கோயம்புத்தூரில் இன்னோர் ஆய்வுக் குழுவுக்குப் போய்விடும், என் ஆய்வும் அதோடு சரி. கையில் காட்ட ஒன்றுமில்லை. போகிற வழியிலாவது ஏதாவது பதிவாகட்டும் என்று பெட்டியை ஓடவிட்டபடியே கிளம்பினேன்.

"கவலப்படாத. வேண்டிக்கிட்டிருக்கேன்ல?" என்றார் பாலு. பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே பூஜை அலமாரியைச் சுற்றி ஒரு சீரியல் லைட் சரத்தை மாட்டி, என் அளவு சரியாகிறவரை அதை அணைப்பதில்லை என்று பிள்ளையாரிடம் சொல்லிவைத்திருந்தார். மூன்று மாதமாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று அது இராப்பகலாக மினுக்கிக்கொண்டிருக்கிறது.

பதினொன்றே கால், தாம்பரம். ஊரப்பாக்கம் ஒன்பது கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு வழக்கமாக முப்பது ரூபாய், பண்டிகைக்காக ஐம்பது. ஏழுமலை என்ற ஓட்டுநர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"பொட்டிக்கும் ஒரு சீட்டு போட்ரு மேடம். அதும் குந்திகினுதானே வருது?"

நூறு ரூபாய். பெட்டிக்கு ஜன்னலோரம். எங்களுக்கு எதிரே, மகள் வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகிற ஓர் அம்மாள், இரண்டு கட்டுக் கரும்போடு. செல்வியக்கா என்று பெயர் சொன்னார். கோவளம் பக்கத்தில் மீன் வியாபாரம். வேறு யாரும் ஏற இடமில்லை, கரும்பு விடவில்லை.

பவர் பேங்க் பாதிதான் ஏறியிருந்தது. ஓட்டுநரிடம் கேட்டு, வண்டியின் சார்ஜரில் பெட்டியைச் செருகினேன். இரும்புலியூரைத் தாண்டும் முன்பே ஆடிட்டரின் செய்தி வந்தது. "சீரான இடைவெளியில் துடிப்பு தென்படுகிறது, ஏற்க இயலாது." வீட்டைவிட்டு வந்தும் விடவில்லை. கோளாறு பெட்டிக்குள்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாம்மா, வூட்ல எதுனா கெட்ட சேதியா?" என்றார் செல்வியக்கா.

சொன்னேன். அவருக்கு என் பட்டத்தைவிட மியூவான்தான் முக்கியமாகப் பட்டது.

"என் மேலயும் வுயுதா?"

"ஆமாக்கா. இப்பகூட விழுந்துட்டுதான் இருக்கு."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்கவே இல்லியே."

பன்னிரண்டு மணி. பெருங்களத்தூருக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. நின்றது என்றால், தெற்கே போகிற பேருந்துகள், கார்கள், கரும்பு லாரிகள் எல்லாம் நின்றன. ஏழுமலை சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

"ஒரே பேஜாரா கீது மேடம். இனிமே எப்ப நவுருமோ."

சார்ஜரும் அணைந்தது. பெட்டி தானாகப் பவர் பேங்குக்கு மாறிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கைபேசி சிணுங்கியது. "ஏற்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ஏற்கலாம் என்றுதான் இருந்தது. என்ன மாறியது? நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுநருக்கு முன்னால் கண்ணாடியில் ஓர் அம்மன் படம். படத்தைச் சுற்றி ஒரு சீரியல் லைட் சரம். இன்ஜினோடு சேர்ந்து அதுவும் அணைந்திருந்தது.

"அண்ணா, சாவிய ஒரு தடவ போடுங்களேன்."

போட்டார். அம்மன் மினுக்கினாள். பெட்டியைச் சார்ஜரில் செருகினேன்: ஏற்க இயலாது. பிடுங்கினேன்: ஏற்கலாம். சரத்தை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டுச் செருகினேன்: ஏற்கலாம். இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரே மின்சாரத்தில் சேர்ந்து ஓடும்போது அந்த மலிவு விளக்கின் ஒவ்வொரு மினுக்கலும் ஒயர் வழியே பெட்டிக்குள் புகுந்து, துகள் மாதிரி நடித்திருக்கிறது. மூன்று மாதம் நான் தேடிய தொலைதூர விண்பொருள், எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் மாட்டியிருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. பாலுவை நினைத்ததும் பாவமாகவும் இருந்தது.

சார்ஜரைத் தொடாமல் பெட்டியை ஓடவிட்டேன். அங்கே அசையாமல் நின்றதில் திறந்த வானத்தின் அளவு சுத்தமாகக் கிடைத்தது. தார்ப்பாய்க் கூரையை மியூவான் மதிப்பதில்லை. பிறகு ஊர்ந்து ஊர்ந்து, சரியாகப் பெருங்களத்தூர் மேம்பாலத்தின் அடியில் போய் மறுபடி நின்றோம். தலைக்கு மேலே கான்கிரீட்.

"எறங்குதா?" என்று கேட்டார் செல்வியக்கா.

எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள, இதே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். சுற்றிலும் அத்தனை பேரும் ஹாரன் அடித்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நெரிசல் கலையக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் ஜி.எஸ்.டி. சாலையில் நான்தான். பேருந்தில் குழந்தை அழுதபோது குற்ற உணர்ச்சி வந்தது. வேண்டுதலை நிறுத்தவில்லை.

ஒன்றரை மணிக்கு விசில் சத்தம். முன்னால் லாரி நகர்ந்தது. எனக்கு இன்னும் கால் மணி நேரம் தேவை.

"அண்ணா, ஓரங்கட்டி நிறுத்துங்க. அம்பது ரூபா சேர்த்துத் தரேன்."

"இன்னா மேடம் ஜோக்கடிக்கிற? ஒன்னரை மணி நேரமா இதுக்குத்தானே காத்துகினு கீறோம்!" என்றாலும் ஓரங்கட்டினார். உடனே ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து வண்டியின் பக்கவாட்டில் தட்டினார்.

"பாலத்துக்கு அடியில நிக்கக் கூடாது. எடு, எடு."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வியக்கா கரும்புக் கட்டின் மேல் சாய்ந்துவிட்டார்.

"ஐயோ... தல சுத்துது சார். கண்ணு இருட்டிகினு வருது."

காவலர் பதறிப்போனார். தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். ஏழுமலை ஒரு அட்டையால் விசிறினார். அவர் நிஜமாகவே நம்பிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. காவலரின் பார்வை பெட்டி மேல் விழுந்தது.

"அது என்ன?"

மயக்கத்திலிருந்த செல்வியக்காதான் பதில் சொன்னார். "மானத்துலேர்ந்து வுயுறத எண்ணுற மிசினு சார். உங்க மேலயும் வுயுது."

காவலர் தொப்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் கிளம்பச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பத்து நிமிடம் கால் மணியாகியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசி சிணுங்கியது. "மேலே தடுப்பு உள்ளது. வித்தியாசம் தெளிவு. ஏற்கலாம்." நான் செல்வியக்காவைக் கட்டிக்கொண்டேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "போலாம், ஏழுமல" என்றார் அவர்.

மூன்றே முக்கால், ஊரப்பாக்கம். செல்வியக்கா ஒரு கரும்பை என் கையில் திணித்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். பேராசிரியர் கிளாம்பாக்கம் போய்ச் சொந்த ஊர் பஸ் பிடிக்கக் கிளம்பி, தன் வீட்டு வாசலில் தோளில் பையோடு நின்றிருந்தார். நின்றபடியே என் கைபேசியில் அளவுகளின் வரைபடத்தைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"அளந்த இடம்னு என்னம்மா போடறது?"

"பெருங்களத்தூர் மேம்பாலத்தடி, சார்."

பை தோளிலிருந்து நழுவும்வரை சிரித்தார். "பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். பொங்கல் முடிஞ்சதும் வீட்டுல ஒரு அளவு ஒழுங்கா எடுத்துக் கொடுத்துடுங்க."

இரவு ஏழு மணிக்கு வீடு. ஆடிட்டரின் செய்தியைக் காட்டியதும் பாலு துள்ளினார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல? லைட்டு வேலை செஞ்சிடுச்சு!" உள்ளே ஓடி ஒரு பையோடு வந்தார். முன்னதைவிட இரண்டு மடங்கு நீளமான சரம். "இது உன் டாக்டர் பட்டத்துக்கு. பட்டம் வாங்கறவரைக்கும் அணைக்கவே மாட்டேன்."

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பெருங்களத்தூரில் கிடைத்தது என் வீட்டிலும் கிடைக்க வேண்டுமே! சொல்லிவிட்டேன். பாலு மினுக்கும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ மூணு மாசமா, அது நான்தானா?"

"நீங்கதான்."

எழுந்து போய் இரண்டு சரத்தையும் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண் மேல் தள்ளினார். பிறகு ஓர் அகல் விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றிவிட்டு, பெட்டியின் பக்கமாகக் குனிந்து, பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் பணிவாகக் கேட்டார்.

"இது எண்ணெய்ல எரியறது. உங்களுக்கு இதுல ஆட்சேபணை இல்லையே?"

பெட்டியைச் சுவர் மின்சாரத்தில் செருகினேன். பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்தின் வாசனையில், கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து செல்வியக்கா கொடுத்த கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தோம். கைபேசி சிணுங்கியதும் பாலு என்னை முந்திக்கொண்டு எடுத்தார். "ஏற்கலாம்" என்று வாசித்துவிட்டு, அகலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.