நான்கு பாகை குறைவு

கோசலா உடப்புசல்லாவையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள். ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து முடித்ததும், பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்துச் சிகிச்சை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சில மாதங்கள் கழித்து அங்கே புதிய கருவி ஒன்றைப் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கையடக்கப் பெட்டி, அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் சில்லு, சில்லில் வரிசையாக ஐந்து சிறு குழிகள். பக்குவப்படுத்திய இரத்தத்தில் ஒரு துளியைக் குழியில் விட்டால், பெட்டி அதை அறுபத்தைந்து பாகைச் சூட்டில் வைத்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி இருந்தால் அரை மணித்தியாலத்தில் குழி பச்சையாக ஒளிரும். வெளியூருக்கு இரத்தம் அனுப்பி நாட்கணக்கில் காத்திருந்தவளுக்கு அந்தப் பெட்டி மீது அவ்வளவு நம்பிக்கை.

புல்லில் உறைபனி படிந்திருந்த ஜனவரிக் காலை ஒன்றில் வீரய்யா தன் மனைவி வேலாயியைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே சதுப்பில் கீரை போட்டிருந்தவள் அவள். மூன்று நாளாகக் காய்ச்சல்.

"கெண்டக்கால் ரெண்டும் வலிக்குதாம் மிஸ். நடக்கவே முடியல அவளுக்கு," என்றார் வீரய்யா.

கோசலா துளியை ஓரக்குழியில் விட்டாள். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கிருமி கலந்த மாதிரித் துளியை விட்டிருந்த நடுக்குழி ஒளிர்ந்தது. ஓரக்குழி ஒளிரவில்லை.

"எலிக்காய்ச்சல் இல்லண்ணே. பயப்படாதீங்க."

அவள் முடிவு எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து நான்காம் நாள் கண்கள் மஞ்சளாகி, சிறுநீரும் நின்றுபோய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே வேலாயி இறந்துவிட்டாள்.

செய்தி கேட்ட கோசலா, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த வேலாயியின் இரத்தத்தை எடுத்தாள். புதிய சில்லில் ஒரு துளி ஓரத்தில், ஒரு துளி நடுவில். நடுக்குழி மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. மெல்லிய கம்பி வெப்பமானியால் அளந்தாள். நடுவில் அறுபத்தைந்து. ஜன்னல் பக்க ஓரத்தில் அறுபத்தொன்று.

கருவியைச் செய்த பொறியியலாளர் யோகேஸ்வரனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"சென்சர் நடுவில மட்டும்தான் இருக்கு," என்றார் அவர். "கொழும்பில ஒருநாளும் இப்பிடி வரேல்ல. இங்க அவ்வளவு குளிர் இல்லைத்தானே." பிறகு குரல் தாழ்ந்தது. "அந்த அம்மாவுக்கு எத்தினை வயது?"

"நாப்பத்திரெண்டு சேர்."

கருவியை உடனே திருப்பி அனுப்பச் சொன்னார் அவர்.

வெளியில் சொல்ல வேண்டாம் என்றார் நிலையப் பொறுப்பாளர். கருமாதி முடிந்த மறுநாள் கோசலா தனியாக லயத்துக்குப் போனாள். நின்றபடியே வீரய்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னக்கே மருந்து குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருக்கலாம்ணே."

வீரய்யா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "மெசினுக்குத் தெரியல, சரி. அவளுக்கு நடக்க முடியலன்னு நான் சொன்னேனே மிஸ். அத யாரும் காதுல வாங்கலயே."

கோசலா திரும்பி வரும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.

மே மாதம் கருவி திருத்தப்பட்டு வந்தது. இப்போது இரண்டு ஓரங்களிலும் சென்சர் உண்டு. அரைப் பாகை குறைந்தாலே மணி அடித்து நின்றுவிடும். ஆனாலும், கிருமி இல்லை என்று வரும் ஒவ்வொரு துண்டின் அடியிலும், காய்ச்சல் விடாவிட்டால் மறுநாளே வரும்படி கோசலா கையால் எழுதிக் கொடுக்கிறாள்.

வீரய்யா அதற்குப் பிறகு அந்த நிலையத்துக்கு வரவே இல்லை. இருமலுக்கு மருந்தெடுக்கக்கூட பஸ் ஏறி ஹட்டன் நகரத்துக்குப் போகிறார்.