ஒரு சால்வையும் ஒரு ஃபிட்டர் வேலையும்

என் வீட்டுக்காரருக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை ஒளிப்பானேன்? முப்பது வருஷம் அந்த மனுஷருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் நான். அவருக்கு மாலை விழுந்தால் அதில் பாதிப் பூ எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செம்பூர்ப் பக்கம் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்து அவர் ரிட்டையராகி ஒரு மாதம் ஆகியிருந்தது. மாதுங்காவில் எங்கள் மனிதர்கள் நடத்திவந்த சபை ஒன்று, சர்க்கார் கம்பெனிகளில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர்களை மேடையேற்றி மரியாதை செய்வதென்று தீர்மானித்தது. வெறும் உத்தியோகம் போதாது, சமூகத்துக்கும் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. காரியதரிசி அதைக் கேட்டுப் போகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

"நான் என்னத்தைப் பண்ணினேன்? காலம்பற டிரெயின் ஏறினேன், சாயங்காலம் எறங்கினேன்," என்றார் இவர்.

"என்ன ஸார் இப்படிச் சொல்றேள்! நம்ம பசங்க எத்தனை பேருக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கேள்! டிரங்குப் பெட்டியோட வந்து எறங்கினவன்லாம் உங்காத்து வாசலைத்தானே மொதல்ல விசாரிச்சான்?"

இவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். காபியை வைத்துவிட்டு, "தாராவிப் பசங்களையும் சேத்துக்கோங்கோ. இவர் ஜாதி பாக்கற மனுஷர் இல்லை. தமிழன்னா போறும்," என்று எடுத்துக் கொடுத்தேன். காரியதரிசி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

இங்கே வஹினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவருடைய ஆபீஸ் ஹெட்கிளார்க் ஒரு மராத்திக்காரர். சயானில் ஒரு சாலில், ஒற்றை அறைக் குடித்தனங்கள் வரிசையாக இருக்கிற கட்டடத்தில், குடியிருந்தார். அவர் மனைவியைத்தான் நான் வஹினி என்று கூப்பிடுவேன், அந்த ஊரில் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் என்னை மாமி என்பாள். நான் சயான் ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷனுக்குப் படுத்துக்கிடந்தபோது, சொந்தத் தங்கை மெட்ராஸிலிருந்து கார்டு போட்டதோடு சரி. வஹினிதான் தினமும் கஞ்சியும் துவைத்த புடவையும் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பொழுது போகாமல் எனக்கு மராத்தி பேசக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

அவளுக்கு ஒரே பிள்ளை. ஃபிட்டர் வேலை படித்து சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தான். வேலைதான் இல்லை. பரேல் பக்கம் ஒரு மில்லில் பதலியாகப் போய்க்கொண்டிருந்தான். பதலி என்றால் விடியற்காலையில் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும், உள்ளே யாராவது வரவில்லை என்றால் அன்றைக்கு மட்டும் வேலை. மற்ற நாள் வீடு திரும்ப வேண்டியதுதான். ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்தும் போய்விட்டது. பெண்ணைப் பெற்றவர், நிரந்தர வேலை கிடைக்கட்டும், அப்புறம் தேதி பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்.

வஹினி என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை இவர் ரிட்டையராவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். "ஸாஹேப் போறதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா மாமி? எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்து கேக்க மாட்டார். ஸாஹேபுக்குத் தர்மசங்கடமா இருக்கும்பார்," என்றாள். நானும் இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எடமில்லைடி. இருந்தா போட மாட்டேனா?" என்றார். அதை அப்படியே மராத்தியில் வஹினியிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஏன், நானும்தான் நம்பினேன்.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டு ஹாலில் ஊர்ப் பையன்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான்தான் அவர்களுக்குக் காபி கலந்து கொடுப்பேன். ஒவ்வொருத்தனாக வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் பூவும் பழமும் வாங்கிவந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போவான். அதையும் வஹினிக்குச் சொன்ன 'இடமில்லை'யையும் நான் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. எனக்கு மூளை இல்லாமலில்லை. பார்க்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

ஊரில் அப்போது ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மதராஸிகள் வந்து வேலையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று. மார்க்கெட்டில் காய்க்காரன் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான். வந்ததே எனக்குக் கோபம்! பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்க மனுஷா படிச்சு, பரீட்சை எழுதி வரா. உங்க தட்டுலேர்ந்து யாரு எடுத்துத் தின்னா?" என்று வஹினி கற்றுக்கொடுத்த மராத்தியில் கிழிகிழியென்று கிழித்தேன். அன்றைக்கு வஹினியும் கூட இருந்தாள். எனக்காக அவளும் அவனை இரண்டு வார்த்தை திட்டினாள்.

விழாவுக்கு அவர்களையும் கூப்பிட வேண்டும் என்று நின்றவள் நான்தான். இவர் இழுத்தார். "அவா எதுக்கு? எல்லாம் தமிழ்லேயே இருக்கும். போரடிக்கும் அவாளுக்கு."

"நன்னா இருக்கே! இருபது வருஷம் உங்களுக்கு டைப்படிச்ச மனுஷன். நான் வஹினி பக்கத்துல உக்காந்துண்டு சொல்லிக் குடுக்கறேன்," என்றேன்.

"உனக்கு ஒண்ணும் புரியாது," என்றார். என்ன புரியவில்லை என்று நான் கேட்கவில்லை. நேரே சயானுக்குப் போய் அழைத்துவிட்டு வந்தேன்.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஹெட்கிளார்க் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வஹினி ஒன்பது கஜம் கட்டி, தலையில் பூ வைத்து, என் பக்கத்தில். மேடையில் மூன்று பேர். மற்ற இருவருக்கும் ஆனபிறகு இவர் முறை வந்தது. காரியதரிசி பேசப் பேச நான் வஹினி காதில் மராத்தியில் சொல்லிக்கொண்டு வந்தேன். நேர்மையானவர், சொன்ன நேரத்துக்கு ஆபீஸ் போவார், ஒரு காசு தொடாதவர். எல்லாம் வாஸ்தவம். வஹினிக்கும் பெருமைதான். "ஹோ, ஹோ," என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினாள்.

அடுத்து தாராவியிலிருந்து ஒருவரைப் பேசக் கூப்பிட்டார்கள். இவரிடம் வேலை வாங்கி இப்போது சார்ஜ்மேன் ஆகிவிட்டவர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மேடையில பேச வராது. நான் பம்பாய்க்கு வந்தப்ப உடுத்துன துணியத் தவிர ஒண்ணுங் கெடயாது. தோல் கிடங்குல கெடந்தேன். அப்பந்தான் ஒருத்தர் சொன்னாவ, மாதுங்கால ஒரு ஐயா இருக்காவ, நம்ம பாஷையில போயி அழுதா கேப்பாவன்னு. போனேன். கேட்டாவ."

சபை கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு திரும்பி, "தமிழிலே போய் அழுதா ஸாஹேப் கேட்பார்னு யாரோ சொன்னாளாம்," என்று வஹினியிடம் மராத்தியில் சொன்னேன். வாயை விட்டு வந்தபிறகுதான் அது என் காதில் விழுந்தது. தமிழில் கேட்டபோது தேனாக இருந்த பேச்சு, மராத்தியில் சொன்னதும் அந்தக் காய்க்காரன் சொன்ன பேச்சாகவே இருந்தது.

சார்ஜ்மேன் நிறுத்தவில்லை. "போன மாசம், ஐயா வேலைய விட்டுப் போறதுக்கு முந்துன வாரங்கூட எந் தம்பிக்கு ஃபிட்டர் வேல போட்டுக் குடுத்துட்டுத்தான் போனாவ. எங்கம்மா ஊர்ல ஜெபம் பண்ணுதப்ப மொதல்ல ஐயாவுக்குத்தான் பண்ணுதா."

வஹினி என் கையைத் தொட்டாள்.

"என்ன சொன்னான் மாமி?"

"அவன் அம்மா ஸாஹேபுக்காகப் பிரார்த்தனை பண்றாளாம்."

"ஃபிட்டர்னு ஏதோ சொன்னானே?"

அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை புரிய அவளுக்கு நான் வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குத் தெம்பில்லை. "அவன் தம்பிக்குப் போன மாசம் ஃபிட்டர் வேலை கிடைச்சுதாம்," என்றேன்.

வஹினி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மண்ஜே ஜாகா ஹோத்தி," என்றாள். அப்படியானால் இடம் இருந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவி மனுஷி.

அதற்குள் சால்வை போர்த்தியாகிவிட்டது. மேனேஜர் சம்சாரமும் மேடைக்கு வர வேண்டும் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனேன். மஞ்சள் குங்குமமும் ரவிக்கைத் துண்டும் கொடுத்தார்கள். மேலே நின்று பார்த்தால் முன்வரிசையில் ஹெட்கிளார்க் கை தட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் வஹினியும் கை தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துபோய்விடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். "எடமில்லைன்னேளே?"

இவர் சால்வையை மடித்துக்கொண்டே, "ஒரு எடந்தான் இருந்தது. ரெண்டு பேர் கேட்டா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "ஹெட்கிளார்க் ஒரு தடவையாவது வாயைத் தொறந்து கேட்டானா?"

"நான் கேட்டேனே! ரெண்டு தடவை கேட்டேனே!"

சால்வையைப் பீரோவில் வைத்தார். பிறகு, "அவாளுக்கு இது அவா ஊர். எங்கேயாவது கெடைச்சுடும்னு நெனைச்சேன். நம்ம பசங்களுக்கு யார் இருக்கா?" என்றார்.

அவரை மட்டும் சொல்வானேன்? ஹாலில் காபி கலந்து கொடுத்த அத்தனை வருஷமும் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாராவிப் பிள்ளையின் தம்பிமேல் எனக்கு வருத்தமில்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். எங்களை நம்பினவளிடம் இடமில்லை என்று பொய் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இவர் சொன்ன பொய்யை மராத்தியில் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தானே?

இவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். திங்கட்கிழமை, நான் சொல்லாமலே, செம்பூருக்குக் கிளம்பினார். தன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற மேனேஜரைப் பார்த்து, ஹெட்கிளார்க் பையனுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறார். யாரிடமும் போய் நின்றதில்லை அவர். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த ஒரு எடத்தை நீங்கதானே ஸார் ரொப்பிட்டுப் போனேள்ங்கறான். அடுத்தது எப்போ வருமோ தெரியாதாம்," என்றார். "எனக்கு அவா மூஞ்சியில முழிக்கத் தெம்பில்லை. நீ போய்ச் சொல்லிட்டு வந்துடு."

மறுநாள் போனேன். வஹினி வாசலிலேயே பார்த்துவிட்டு, வாங்கோ மாமி என்று வழக்கம்போலக் கூப்பிட்டு, பலகை போட்டு, ஸ்டவ்வில் டீக்கு வைத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. ஸாஹேப் நேற்றுப் போய்க் கேட்டார், இப்போது இடமில்லையாம் என்றேன். இந்தத் தடவை அது சத்தியம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பு என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"எங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியும் மாமி," என்றாள் டீயைக் கிளறிக்கொண்டே. "அந்தத் தம்பிக்கு ஆர்டர் டைப் பண்ணினதே இவர்தானாம். டைப் பண்ணி, ஸாஹேப்கிட்ட கையெழுத்துக்கு வெச்சுட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து எங்களோட உக்காந்து சாப்பிட்டிருக்கார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை." ஸ்டவ்வை அணைத்தாள். "பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அப்பாவை மதிக்க மாட்டான். நீங்களும் சொல்லிடாதீங்கோ."

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்தேன். பிடித்த கையை அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டு டம்ளர் எடுக்கப் போனாள்.

அப்போதுதான் பையன் உள்ளே வந்தான். அன்றைக்கும் கேட்டில் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மாமி! ஸாஹேபுக்குப் பெரிய மரியாதை பண்ணினாங்களாமே! அப்பா சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்," என்று அப்படியே குனிந்து என் காலைத் தொட்டான்.

காலில் விழுந்த பிள்ளையை வாழ்த்தாமல் இருக்க முடியுமா? எங்கள் ஹாலில் எத்தனையோ பையன்களுக்குச் சொன்ன ஆசீர்வாதம் தானாக வாயில் வந்துவிட்டது. "சீக்கிரமே நல்ல உத்தியோகம் கெடைக்கட்டும்டா கண்ணா," என்றேன், அதுவும் தமிழில். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "ஆயீ, மாமி என்ன சொல்றா?" என்று அம்மாவைக் கேட்டான்.

டீயோடு நின்ற வஹினி அதை அவனுக்கு மராத்தியில் சொன்னாள்.