பள்ளியை மாற்றிய கூட்டம்

மலேசியாவில் ஜாசின் டவுனுக்குப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியை அந்த டவுனுக்கே மாற்றலாமா என்று முடிவு செய்யப் பெற்றோர் கூட்டம் நடந்தது. நான் அங்கே ஆசிரியை. புதுக் கட்டடம், கம்ப்யூட்டர் அறை என்று எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவரின் மனைவி ஒருவர் மட்டும் எழுந்து நின்றார்.

"பஸ் விடுறோம்னு சொல்றீங்க. நாளைக்கு அது நின்னுட்டா எங்க பிள்ளைங்க பக்கத்து மலாய் ஸ்கூலுக்குத்தான் போகும்லா?"

"நல்லது நடக்கும்போது ஏம்மா தடுக்குறீங்க?" என்று பெற்றோர் சங்கத் தலைவர் கேட்டார். கூட்டம் சிரித்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். தோட்டத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அங்கே மிஞ்சிய ஏழெட்டுப் பிள்ளைகளுக்காக யாரும் வெகுநாள் பஸ் ஓட்டமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் முன்வரிசையில் தலைமையாசிரியர் இருந்தார். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் நானும் தூக்கினேன்.

பள்ளி மாறிய இரண்டாம் வருடமே பஸ் நின்றது.

போன மாதம் ஜாசின் பசாரில் அந்த அம்மாவை மகளோடு பார்த்தேன். மகள் வளர்ந்துவிட்டாள். தமிழ் பேசுவாளாம், படிக்கத் தெரியாதாம்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும். நான் பேசியிருக்கணும்" என்றேன்.

அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா, டீச்சர்? நான் மட்டும்தான் பைத்தியக்காரி மாதிரி பேசிட்டேன்னு வீட்டுக்குப் போயி அழுதேன். அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துலயும் நான் வாயத் தொறந்ததில்ல."