மொதல்ல நீ துன்னு

கள்ளிக்குப்பத்தில் இருந்தபோது அம்மாவுக்கு ஆள் அடையாளமே மறந்துபோகத் தொடங்கியது. தெருவில் இறங்கி ஓடாமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதிலிருந்து கால் இழுத்தது, இரண்டு முறை விழுந்தாள். வயசு என்றே நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் மாத்திரையை நீட்டியதும் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"யார்டி நீ? வெசம் குட்க்க வந்துகீறியா? மொதல்ல நீ துன்னு."

"பெத்த பொண்ணு வெசம் குடுப்பாளா? பாரு" என்று ஒன்றை விழுங்கிக் காட்டினேன்.

உலை கொதிக்குமுன் என் கால் துவண்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. சுவரோரம் சாய்ந்துவிட்டேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் சொல்லல?" என்றாள்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் டாக்டர் எதிரில் நிமிர்ந்து நின்று, "நானே துன்னு பாத்துட்டேன் சார், கொறைங்க" என்றேன். பாதியாக்கினார்.

அம்மாவின் நடை தேறியது. ஆனால் அதற்குள் சந்தேகப்படவும் மறந்துவிட்டாள். யார் எதை நீட்டினாலும் வாயைத் திறந்தாள்.