மழை நாட்டுக்கு ஒரு பெட்டி

வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஆள் அனுப்பும் வேலை என்றால் விசா, டிக்கெட் என்றுதான் நினைப்பீர்கள். முக்கால்வாசி வேலை பெட்டிக்குள்தான். பிள்ளைக்குப் பெட்டி கட்டி அவதிப்பட்ட எல்லோருக்கும் தெரியும். ஓசூரில் வண்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பிரிவு என் பொறுப்பு. இந்த முறை அயர்லாந்துக்குத் தேர்வானவள் கோகிலா. அங்கே வெயில் அடித்தால்தான் அதிசயம்.

நிபந்தனை

கோகிலாவின் அப்பா மாதப்பன் ஊத்தங்கரைப் பக்கம் மழையை நம்பிப் பயிர் செய்யும் மானாவாரி விவசாயி. மகளை அனுப்ப அரை மனதோடு சம்மதம் சொல்ல வந்தார். "சளியெல்லாம் பிடிக்காது, பெட்டியை நானே கட்டுகிறேன்" என்று அடித்துச் சொன்னேன். எனக்கு அந்த நம்பிக்கை எப்போதும் உண்டு. அவருக்கு இல்லை.

"ஒரு தும்மல் தும்முனாலும் அடுத்த பிளேன்ல ஏத்தி உட்டுடுங்க மேடம். பயிற்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஷவர் டெஸ்ட்

கோகிலா கொண்டுவந்த பெட்டி முழுக்க ஜீன்ஸ். நனைந்தால் லேசில் காயாது என்று ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன். சீக்கிரம் காயும் பேன்ட், கம்பளி சாக்ஸ், தண்ணீர் புகாத ஷூ, தலையை மூடும் தொப்பி வைத்த மழை ஜாக்கெட் எல்லாம் வாங்க வைத்தேன்.

ஜாக்கெட்டை எப்படிச் சோதிப்பது? வண்டிக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கும் ஷவர் அறை எங்களிடம் இருக்கிறதே! கோகிலாவை மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னோம். நாலாபுறமிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வெளியே வந்தவளைத் தரச் சோதனை செய்கிறவர் வண்டியைப் பார்ப்பதுபோலச் சுற்றி வந்து பார்த்தார்.

"கழுத்துல லீக்கேஜ் மேடம். ரீவொர்க் போடுங்க."

கழுத்துப் பட்டனைப் போட்டதும் பாஸ் ஆகிவிட்டாள்.

காற்று போன பெட்டி

துணி பெட்டிக்குள் அடங்கவில்லை. பேக்கிங் பிரிவு மஞ்சுநாத் அண்ணன் உதிரிபாகங்களுக்குப் போடும் வேக்கம் கவரில் போட்டு, காற்றை உறிஞ்சி, அப்பளம் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். பாதிப் பெட்டி காலி! அந்த இடத்தில் பருப்புப் பொடி, ஊறுகாய், இன்னொரு போர்வை எல்லாம் ஏறின. பெருமையாகத் தராசில் வைத்தால், விமானத்தில் அனுமதிக்கும் எடையைத் தாண்டி முள் எங்கேயோ நிற்கிறது. மஞ்சுநாத் அண்ணன் தராசைத் தட்டிப் பார்த்தார்.

"காத்து எல்லாம் எடுத்துட்டேன் மேடம். காத்துக்கு வெயிட் இல்லேன்னு இப்பத்தான் தெரியுது."

தும்மல்

அவள் போன மறுவாரமே மாதப்பன் போன் செய்தார். "வீடியோ கால்ல தும்முச்சு மேடம்" என்றார். ஜாக்கெட், ஷூ, சாக்ஸ் என்று கொடுத்தனுப்பியதையெல்லாம் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

"அது இருக்கட்டும் மேடம். பின்னாடி சன்னல்ல மழை என்னமா ஊத்துது! போனை வெக்கவே மனசு வர்ல. நம்மூர்ல நனையறதுக்கு எங்க மழை? அந்தப் புள்ளையாவது நல்லா நனையட்டும், இருந்துட்டே வரட்டும்."

கோகிலாவை நனையாமல் காக்க நான் பெட்டி கட்டினேன். அவளை அங்கே இருக்க வைத்தது என்னவோ அந்த மழைதான்.