அடைக்கோழியும் ஒரு வாளித் தண்ணீரும்

ஓரகத்தி என்றால் ஒருத்தியை ஒருத்தி கரித்துக்கொட்டத்தான் வேண்டும் என்று எந்த மகராசன் எழுதி வைத்தானோ தெரியாது. என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். என் கோபமெல்லாம் அவள் புருஷன், எங்கள் வீட்டு மூத்தவர்மேல்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஆவியில் வெந்து, சோப்புத் தண்ணீரில் கைத்தோல் உரிந்து வீடு திரும்புவாள். வந்ததும் உட்காரமாட்டாள், நேரே கொல்லைக்குத்தான். தகரம் போட்ட கோழிக்கூண்டு அங்கே இருக்கிறது. வீட்டுக்குள் கட்டில் எந்தப் பக்கம், சுவருக்கு என்ன நிறம், யார் எப்போது வாயைத் திறக்கலாம் என்பதெல்லாம் மூத்தவர் வைத்த சட்டம். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பாதி ஊருக்குப் பிரேக்கும் கிளட்சும் காட்டிக்கொடுத்த மனுஷன், வீட்டில் இருப்பவர்களும் எல் போர்டு மாட்டிக்கொண்டுதான் பிறந்தார்கள் என்று நினைத்துவிட்டார். கொல்லையில் மட்டும் அக்கா சொல்தான் சொல்.

போன மழைக்காலத்தில் கோழிச்சீக்கு வந்தது. காலையில் மேய்ந்த கோழி சாயங்காலம் கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். கூண்டே காலியாகிவிட்டது. மிஞ்சியவை இரண்டு பழுப்புப் பெட்டைகளும் ஒரு சேவலும். பெட்டைகளுக்குப் பெரியவள், சின்னவள் என்று அக்கா பெயர் வைத்திருந்தாள். எனக்கே சில நேரம் எது எவள் என்று குழம்பும். சேவலையும் சீக்கு விடவில்லை. தலை தொங்கிவிட்டது, இனிமேல் அவ்வளவுதான் என்று நான் மண்வெட்டியை எடுத்தேன். அக்கா சீறினாள்.

"உசுரு இருக்கிறதுக்குள்ள குழி தோண்டுறியா? போடி அந்தப் பக்கம்!"

அதை மடியில் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் புகட்டினாள். பிழைத்துக்கொண்டது. ஒரு கால் மட்டும் இழுத்துவிட்டது. அன்றிலிருந்து அது நொண்டியப்பன்.

"சீக்கையே ஜெயிச்ச ரத்தம்டி இது. இதோட குஞ்சுங்க தாங்கும். இதை வெச்சே கூண்டை ரொப்பிக் காட்டுறேன், பாரு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெம்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு விடுமுறை நாள். ஆஸ்பத்திரிக்கு ஏது விடுமுறை, அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் தையல் கடையிலிருந்து வந்து பார்த்தால் முன் அறையில் மூத்தவரின் சிநேகிதர்கள் சட்டமாக உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்தாள். கொல்லைக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

"நொண்டி எங்க?"

"நொண்டிச் சேவலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? கோழிதானே! வேற ஒண்ணு வாங்கித் தரேன், விடு" என்றார் மூத்தவர், வாயில் இருந்ததை மென்றுகொண்டே.

கோழிதானே! அந்த வார்த்தையைச் சொன்ன வாயில் அடுப்புக்கரியை வைத்துத் தேய்க்கலாம் போல எனக்கு வந்தது. அக்கா போட்ட சத்தத்தில் சிநேகிதர்கள் கையைக்கூடக் கழுவாமல் செருப்பைத் தேடி ஓடினார்கள்.

அந்தக் கோபத்தோடேயே அவளுக்கு யோசனையும் ஓடியது. சேவல் போன பிறகும் கொஞ்ச நாளைக்குப் பெட்டை இடுகிற முட்டையில் அதன் கரு இருக்கும். அந்த முட்டைகளில் ஒன்றைக்கூட அக்கா அடுப்படிக்கு விடவில்லை. கூர்முனை கீழே இருக்கும்படி மணலில் அடுக்கிவைத்தாள். பெரியவள் அடைக்கு உட்கார்ந்ததும் அத்தனையையும் அவளுக்கடியில் வைத்தாள். ஒரு வாரம் போனதும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு என்னையும் இருட்டு அறைக்குள் இழுத்தாள். டார்ச்சைப் பின்னால் பிடித்தாள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது.

"நொண்டி இதுக்குள்ளதான்டி இருக்கான். இதுவும் போச்சுன்னா அவன் வம்சம் அத்தோட முடிஞ்சுது" என்றாள்.

குஞ்சு பொரிக்கிற நாள் நெருங்கும்போது சின்னவளும் பக்கத்துக் கூடையில் அடைக்குப் படுத்துக்கொண்டாள். அடியில் ஒரு முட்டையும் இல்லை. இரை எடுக்காமல் இப்படியே கிடந்தால் இளைத்துப்போகும். குளிர்ந்த தண்ணீரில் அடிவயிறு நனைய முக்கி, அரை நாள் வெளியே கட்டிப்போட்டால் அடை கலைந்துவிடும். அக்காவுக்கு அன்றைக்கு விடிகாலையிலேயே வேலை. மூத்தவரோ சேவல் விவகாரத்துக்குப் பிறகு, "ஏதாவது செய்யணுமா?" என்று குழைந்து குழைந்து பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அக்கா போகிற போக்கில் சொன்னாள்: "முட்டையில்லாம ஒண்ணு அடை கெடக்கு. அதைத் தண்ணியில முக்கிக் கட்டிவிடுங்க. முட்டை மேல இருக்கிறதைத் தொட்டுடாதீங்க."

மனுஷன் கொல்லைக்குப் போன நேரம், பெரியவள் இரை எடுக்க இறங்கியிருந்தாள். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை அப்படி இறங்கும். இறகை உப்பிக்கொண்டு, கொக்கொக்கென்று கத்திக்கொண்டு, அவசர அவசரமாகக் கொத்தும். உள்ளே சின்னவள் அசையாமல் படுத்திருந்தாள். இவர் என்ன கணக்குப் போட்டார்? அமைதியாகப் படுத்திருப்பது முட்டைக்காரி, வெளியே கத்திக்கொண்டு திரிவது வேலையில்லாதவள். பக்கத்துக் கூடையை ஒரு எட்டு எட்டிப்பார்த்திருந்தால் முட்டை கண்ணில் பட்டிருக்கும். கண்ணாடி பார்த்து வண்டியைத் திருப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவளைப் பிடித்து வாளியில் முக்கி, காலில் கயிறு போட்டு மரத்தடியில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் நான் வந்தபோது பெரியவள் கயிற்றை இழுத்து இழுத்துக் கூண்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கால் தோல் வழன்று ரத்தம். முட்டை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. அந்த நேரம் அக்காவும் வந்துவிட்டாள். வெறும் கூடையில் கிடந்த சின்னவளைத் தூக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்தி ஊதி, அவளுக்கடியில் வைத்தாள். சின்னவள் அலகால் ஒவ்வொன்றையும் உள்ளே தள்ளிக்கொண்டு படுத்தாள். பெரியவளின் அடிவயிறு மர நிழலில் இன்னும் காயவில்லை, முட்டை கிட்டே விட வழியில்லை.

சாயங்காலம் மூத்தவர் வந்தார். நான்தான் கத்தினேன். "கண்ணு எங்க மாமா இருந்துச்சு உங்களுக்கு?"

"ரெண்டும் ஒரே நிறம்! நான் என்ன கோழி டாக்டரா? இதுக்குப் போய் வீட்டை ரெண்டாக்கணுமா?"

அக்கா அவர் பக்கம் திரும்பாமல் பெரியவளின் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கத்தாமலிருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. மறுநாள்தான் ஒரு ஓட்டில் கீறல் விழுந்தது. அக்கா வேலைக்குப் போகவில்லை. கூண்டுக்கு முன்னால் குந்தியே இருந்தாள். ஒன்று வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது ஓட்டை உடைத்து அலகை வெளியே நீட்டியது. அதற்குமேல் முடியாமல் அப்படியே செத்துப்போனது. மற்ற முட்டைகளில் சத்தமே இல்லை. அக்கா அந்தச் செத்த குஞ்சை ஓட்டோடு உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முன் அறைக்குப் போனாள்.

மூத்தவர் சாய்வு நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"அதான் ரெண்டு வந்துடுச்சே. கோழிதானே, விடேன்."

அக்கா குஞ்சை என் கையில் கொடுத்தாள். குழாயடிக்குப் போனாள். அதே வாளி. விளிம்பு வரை ரொப்பிக்கொண்டு வந்து அவர் தலையிலிருந்து கால் வரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கொட்டினாள். போன் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மூச்சு முட்டி எழுந்து நின்றவருக்குப் பல் தந்தியடித்தது.

"பைத்தியமாடி உனக்கு?"

"குளுருதா?" என்றாள் அக்கா. "கத்துறீங்க இல்ல. ஓட்டுக்குள்ள இருந்ததுக்குக் கத்தத் தெரியல."

என் கணவர் சமாதானம் பேச வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பிழைத்த இரண்டில் ஒன்று பெட்டை. இன்னொன்று சேவல்; சில மாதத்தில் கொண்டை சிவந்து, கழுத்துச் சிறகு பளபளத்து, ஒரு நாள் காலையில் தொண்டை கட்டினவன் மாதிரி முதல் கூவல் கூவியது. பல் விளக்கிக்கொண்டிருந்த மூத்தவர் கொல்லையை எட்டிப்பார்த்தார்.

"நல்லாத்தான் வளந்திருக்கு" என்று ஆரம்பித்தார்.

அக்கா குழாயடிக்குப் போய் வாளியை நிமிர்த்தி வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மூத்தவர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் உள்ளே போய்விட்டார்.